பார்வதி அத்தையைக் குகையில் விட்டுவந்த நாவல்

எண்ணிப் பார்க்கிறவனிடமிருந்து எதுவும் தொலையாது என்று எழுபது வயதுவரை நம்பியிருந்தேன். நான் ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்குப்பிள்ளையாக, இருந்தவன். காலையில் ஆட்களை எண்ண வேண்டும், மத்தியானம் பால் வாளிகளை எண்ண வேண்டும். தோட்டத்தை முதலாளிகள் விற்று, மரங்களை வெட்டி, வீடுகள் கட்டிவிட்டார்கள். நான் ஈப்போ நகரத்துக்குக் குடிவந்த பிறகும் பழக்கம் போகவில்லை. மாடிப்படி, கோயில் அன்னதானத்தில் எனக்கு முன்னால் நிற்பவர்கள், மின்விசிறியின் இறக்கைகள் என்று எதையும் விடமாட்டேன். (மின்விசிறிக்கு மூன்றுதான் என்று தெரியும். இருந்தாலும் எண்ணிவிடுவேன்.) அப்படிப்பட்ட நான் ஒரு முழு மனுஷியைத் தொலைத்தேன். அதுவும் சொந்த அக்காவை. அதுவும் அச்சில்.

எல்லாம் பேரப்பிள்ளைகளால் வந்தது. இரண்டு பேரும் சாகச நாவல் பைத்தியங்கள். அவர்கள் படிக்கும் ஆங்கிலப் புத்தகங்களில் ஒரு குடும்பம் பனிமலையில் வழி தவறும், அடுத்த புத்தகத்தில் பாலைவனத்தில் வழி தவறும். ஏன், நம் பேராக் மாநிலத்தில் வழி தவறக்கூடாதா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு பயண சாகச நாவல் எழுத முடிவு செய்தேன். ஏழு பேர் கொண்ட குடும்பம் வேனில் புறப்படுகிறது. ஜப்பான்காரன் காலத்தில் பழைய தோட்டம் ஒன்றில் புதைத்த பெட்டியைத் தேடுகிறது. மூன்று திருடர்கள் துரத்துகிறார்கள்.

கண்ணால் பார்க்காததை எழுதக்கூடாது என்பது என் கொள்கை. ஆகவே நிஜமாகவே ஒரு வேனை வாடகைக்கு எடுத்து, நிஜமாகவே ஏழு பேர் புறப்பட்டோம். நான், மனைவி கமலா, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இருவர், அக்கா பார்வதி. அன்றன்று பார்த்ததை அன்று சாயந்திரமே ஓர் அத்தியாயமாக எழுதிவிடுவேன்.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். நாவலில் அவளையும் சேர்த்திருக்கிறேன் என்றதும் உத்தரவு போட்டாள்.

“டேய், எல்லார் பேரயும் மாத்திக்க. எனக்கு மட்டும் பார்வதின்னே போடு. வயசக் கொஞ்சம் கொறச்சி எழுது.”

குறைத்தேன். நாவலில் அவள் பார்வதி அத்தை.

புத்தகம் வந்தது. ஈப்போவில் மண்டபம் பிடித்து வெளியீட்டு விழா. முதல் பிரதியை யாராவது பெரிய மனிதர் மேடையில் வாங்க வேண்டும், அவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்பது நம்மவர்களின் வழக்கம். பெரிய மனிதர் யாரும் எனக்குக் கிடைக்கவில்லை. அக்காவையே வாங்கச் சொன்னேன். அவள் பாகான் செராயிலிருந்து மகன், மருமகள், சம்பந்தி வீட்டார் எல்லோரையும் வரவழைத்து முன்வரிசைகளை நிரப்பிவிட்டாள். “நான் புக்குல வாரேன்” என்று கோயில் பெண்கள் குழுவிடமும் சொல்லி வைத்திருந்தாள். எல்லோர் முன்னாலும் பட்டுச்சேலையில் மேடை ஏறி உட்கார்ந்தாள். அவள் புத்தகத்தைப் படிக்கவில்லை. எங்கள் வீட்டில் யாருமே படிக்கவில்லை. (கமலா மூன்றாம் அத்தியாயத்தில் தூங்கிவிட்டதாக ஒப்புக்கொண்டாள்.) தலைமை தாங்கிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் படிக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஏனென்றால் அவர், “பார்வதி அத்தை என்னும் பாத்திரம் முதல் பக்கம் தொடங்கி கடைசிப் பக்கம் வரை சுடர்விடுகிறது” என்று முழங்கினார். அக்கா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

படித்தவர்களும் இருந்தார்கள். விழாவில் கேள்வி கேட்பதற்காகச் சில இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே பிரதிகள் கொடுத்திருந்தேன். என் யோசனைதான். கண்ணாடி போட்ட ஒரு பெண் எழுந்தாள்.

“ஐயா, கதை நல்லா இருக்கு. ஆனா பார்வதி அத்தை எங்க?”

“எங்கே போவார் அம்மா? குடும்பத்தோடுதான் இருப்பார்” என்றேன் ஒலிவாங்கியில், புன்னகையோடு.

“இல்லிங்கய்யா. நாலாம் அத்தியாயத்துல குகைக்குள்ள அவங்க செருப்பு வார் அறுந்துருச்சி. ஒரு கல்லுமேல உக்காந்து, ‘நீங்க போங்க, நான் பின்னால வாரேன்’னு சொன்னாங்க. அப்புறம் வரவே இல்ல.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அத்தை வராமல் எப்படி? புத்தகத்தைத் திறந்து தேடினேன். ஐந்தாம் அத்தியாயத்தில் இல்லை. ஆறில் இல்லை. நான் பக்கம் புரட்டும் சத்தத்தை ஒலிவாங்கி மண்டபம் முழுக்க ஒலிபரப்பியது.

அந்தப் பெண் விடவில்லை. “அஞ்சாம் அத்தியாயத்துல, திருடங்க வெளிய வரக்கூடாதுன்னு எல்லாருஞ் சேந்து பாறைய உருட்டி குகை வாசல மூடிட்டாங்க ஐயா. உள்ள மூணு திருடங்க இருக்காங்க. அத்தையும் இருக்காங்க.”

“அலமாக், ஐயோ பாவம்லா!” என்றது பின்வரிசையில் ஒரு குரல்.

“ஆமா, திருடங்க பாவம்லா” என்றது இன்னொரு குரல். (அக்காவின் மகனுடையது.)

அக்கா நாற்காலியில் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். அந்தப் பெண் அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

“இன்னொன்னு ஐயா. குகைக்குப் போறதுக்கு முன்ன ஏழு பொட்டலம் நாசி லெமாக் சோறு வாங்குனாங்க. அடுத்த நாளு ஆறு பொட்டலந்தான் வாங்குனாங்க.”

அக்கா என் கையிலிருந்த ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தாள். “டேய். மறந்துட்டேன்னு சொன்னாக்கூட நம்புவேன். ஆறு பொட்டலம் எப்படிடா வாங்குன? நான் இல்லன்னு தெரிஞ்சிதானே எண்ணி வாங்கியிருக்க?”

மறந்திருந்தால் ஏழு வாங்கியிருக்க வேண்டும். ஆறு வாங்கியதால் நான் தெரிந்தே விட்டுவந்தவன் ஆகிவிட்டேன். என் எண்ணிக்கையே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

அப்போதுதான் நினைவு வந்தது. பயணத்தில் குகைக்குப் போன அன்று சாயந்திரம் அக்காவின் மருமகளுக்கு வலி கண்டுவிட்டது. அவள் மகன் காரில் வந்து அக்காவைப் பாகான் செராய்க்குக் கூட்டிப் போய்விட்டான். மறுநாள் வேனில் நாங்கள் ஆறு பேர். எண்ணினேன், ஆறு. வாங்கினேன், ஆறு. எழுதினேன், ஆறு. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. கதையில் அவளை வெளியே கொண்டுவர மட்டும் தோன்றவில்லை.

“அக்கா, நீதானே பாகான் செராய்க்குப் போயிட்ட! ஒன் மருமகளுக்குப் பிரசவ வலி!” என்று கத்தினேன்.

முன்வரிசையில் குழந்தையை மடியில் வைத்திருந்த மருமகளை மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“கதையில மருமகளே இல்லிங்களே ஐயா” என்றாள் கண்ணாடிக்காரி.

தலைமையாசிரியருக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. நிகழ்ச்சியை நகர்த்த எண்ணி, பொன்னாடையை விரித்துக்கொண்டு, “இப்போது முதல் பிரதியைத் திருமதி பார்வதி அவர்கள் பெற்றுக்கொள்வார்” என்றார்.

அக்கா அசையவில்லை. “எப்படி சார் வாங்குறது? நான்தான் குகைக்குள்ள அடைபட்டுக் கெடக்கேனே.”

சம்பந்தி வீட்டார் சிரிக்கவில்லை. கோயில் பெண்கள் குழு தங்களுக்குள் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தது. அக்காவின் கண் கலங்கியிருந்ததை நான் மட்டும் பார்த்தேன். கமலா கீழிருந்து, “ஏதாவது சொல்லுங்க! அண்ணிய வெளிய கொண்டாங்க!” என்று சைகை காட்டினாள்.

“இரண்டாம் பாகத்தில் வெளியே வருவார்!” என்று அறிவித்தேன். இரண்டாம் பாகம் என்ற ஒன்று அந்த நிமிடம்வரை என் மனத்தில் இல்லை.

“எப்படி வாரேன்? சொல்லு” என்றாள் அக்கா.

யோசித்தேன். பாறை பெரிய பாறை. ஆறு பேர் சேர்ந்து உருட்டியது. “எனக்குத் தெரியல, அக்கா” என்றேன். அதையும் ஒலிவாங்கி எல்லோருக்கும் சொல்லிவிட்டது.

கண்ணாடிக்காரிதான் காப்பாற்றினாள். “பாட்டி, நீங்களே சொல்லுங்களேன். எப்படி வெளிய வந்தீங்க?”

அக்கா பட்டுச்சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

“மூணு பேரும் கத்தியோட வந்தானுங்க. நான் எந்திரிக்கவே இல்ல. முன்னால நின்னவன எந்தத் தோட்டம்டான்னு கேட்டேன். சொன்னான். எந்த லயத்து வீடு? சொன்னான். ஒங்கம்மா பேரு என்னா? அதுவும் சொன்னான். பாத்தா, எங்க சின்ன மாமியாரோட பேரன்! ‘ஏண்டா, பெரியவங்கள பாத்தா இப்படித்தான் கத்தியக் காட்டுவியா, ஒங்காத்தாவுக்குச் சொல்லவா’ன்னேன். கால்ல விழுந்துட்டான்லா. மத்த ரெண்டு பேரு என் செருப்பத் தச்சிக் குடுத்தானுங்க. கொல்லப்பக்கமா ஒரு வழி இருந்திச்சி…”

குகைக்குக் கொல்லைப்பக்கம் உண்டா என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகள் கேட்கவில்லை. நாற்காலிகளை விட்டு எழுந்து மேடையடியில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கதை முடிந்ததும் எழுந்த கைதட்டலில்தான் அக்கா முதல் பிரதியை வாங்கினாள்.

இரண்டாம் பாகம் வந்துவிட்டது. அவள் சொன்னாள், நான் எழுதினேன். ஓரிடத்தில் மட்டும் கெஞ்சிப் பார்த்தேன். கேட்கவில்லை. முதல் அத்தியாயத்திலேயே வேன் தஞ்சோங் ரம்புத்தானில் நிற்கிறது. அத்தையின் தம்பி, அதாவது நான், எதையோ எண்ணுவதற்காக இறங்குகிறான். வேன் புறப்பட்டுவிடுகிறது. அதன்பின் கடைசிப் பக்கம்வரை யாரும் அவனைத் தேடவில்லை. (பேராக்கில் ஒருவரைத் தஞ்சோங் ரம்புத்தானில் இறக்கிவிட்டோம் என்றால் மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. பெரிய மனநல மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது.)

முதல் புத்தகத்தைவிட அதுதான் அதிகம் பேர் கைக்குப் போயிருக்கிறது. போன வாரம் சந்தையில் மீன்கடை முன்னால் ஒரு பையன் என்னை அடையாளம் கண்டு ஓடிவந்தான்.

“தாத்தா! ஒங்கள எப்ப வெளிய வுட்டாங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

“இன்னும் வுடலய்யா. லீவுல வந்திருக்கான்.”