பத்துப் படங்களில் ஏழு

மதிப்பிற்குரிய ஷாமலா மிஸ் அவர்களுக்கு,

குண்டசாலை ஜனார்த்தனன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் பேச்சுச் சிகிச்சை நிலையத்தாரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். தடுமாறாதிருக்க, சொல்ல வந்ததை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்:

1. எனக்குப் பேச்சு திரும்பி இரண்டு மாதங்களாகின்றன.
2. அதை மறைத்தது என் குற்றம். எனக்குச் சிகிச்சை தந்த மாணவி யசோதினியின் குற்றமன்று.
3. அவருடைய நன்மைக்காகவே அப்படிச் செய்தேன்.

பாரிசவாதம் வந்து பேச்சு போனபின் உங்கள் பல்கலைக்கழக நிலையத்துக்கு வந்தபோது பத்துப் படங்களில் இரண்டுக்குத்தான் பெயர் சொன்னேன். பெப்ரவரியில் ஏழு சொன்னேன். அதே வாரம் வீட்டில் பத்தும் வந்துவிட்டன. அப்போதுதான், கம்பளை வியாபாரி ஒருவர் பத்தையும் சொல்லிவிட்டதால் அவரை அனுப்பிவிட்டார்கள் என்றும், அவரைப் பார்த்துவந்த மாணவி பரீட்சைக்கு வேறு நோயாளி தேடி அலைகிறார் என்றும் கேள்விப்பட்டேன். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஆகவே கத்தரிக்கோல், குடை, தேநீர்க் கேத்தல் மூன்றையும் மறந்துவிடுவதென்று தீர்மானித்து, வாராவாரம் மாறிப்போகாதிருக்க ஒரு கொப்பியிலும் குறித்துக்கொண்டேன். மழை நாளில் குடையோடு வந்து, குடைப் படத்தைப் பார்த்துத் திருதிருவென விழித்திருக்கிறேன். என் மனைவி ரத்தினம்மாவோ, "வீட்டுல கேத்தல் எங்க, கேத்தல் எங்கன்னு உசுர வாங்குறீங்க, அங்க போனா மட்டும் வாயில என்னத்த வச்சிருக்கீங்க?" என்று கேட்கிறாள். யசோதினி ஒருநாளும் அவசரப்படுத்தியதில்லை. "ஆறுதலாச் சொல்லுங்கோ ஐயா, நான் இருக்கிறன்" என்பார், இருப்பார்.

தொடர்ந்து மூன்று மதிப்பீடுகளில் முன்னேற்றம் இல்லாவிட்டாலும் அனுப்பிவிடுவீர்கள் என்பது எனக்குத் தெரியாது, மிஸ். போன செவ்வாய்க்கிழமை அந்தப் பிள்ளை விடுவிப்புக் கடிதத்தை என் கையில் தந்து, "உங்களில பிழையில்லை ஐயா. எனக்குத்தான் சரியாச் செய்யத் தெரியேல்ல" என்றார். சிகிச்சை பலனளிக்கவில்லை என்பது அவருடைய பரீட்சைப் புள்ளியிலும் சேருமாம். அங்கேயே உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அப்போது நிசமாகவே ஒரு சொல்லும் வரவில்லை.

ஆகவே புள்ளிகளை அனுப்புமுன் என்னை மறுபடியும் சோதியுங்கள். பத்தும் சொல்வேன். அவருக்குரியதை அவருக்குக் கொடுத்து, என்னைக் குணமானவன் என்று எழுதி அனுப்பிவிடுங்கள்.

தங்கள் மாணவர்களால் இன்னும் பலர் வாய்திறக்க வேண்டுமென வேண்டும்,
சி. ஜனார்த்தனன்

பி.கு.: நல்ல தாளில் படியெடுத்தபோது கவனித்தேன், மேலே மூன்றாவதாக எழுதியது பிழை. வீட்டில் நான் ஒரு சொல்லைத் தேடினால் மனைவி, மகன், மருமகள் மூவரும் ஆளுக்கொன்று எடுத்து நீட்டுகிறார்கள். நான் தேடியது அவற்றில் இருப்பதில்லை. உங்கள் அறையில் மட்டும் ஒருவர் நான் முடிக்கும்வரை பேசாதிருந்தார். எனக்கு முடிக்க மனம் வரவில்லை.