ஒன்பதை அழுத்தினார் பேராசிரியர்

"ச்சே, இதுவும் மெஷின்!" என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் போனை வைத்துவிட்டார்.

அவள் காதிலிருந்து போனை எடுக்காமல் சமையலறை நடுவிலேயே நின்றாள். பேசியது ஒரே வார்த்தை. "வணக்கம்." அதற்கே இந்த மரியாதை.

"என்ன ஆச்சு?" என்று கணவர் ஓடி வந்தார். கண்ணாடிக் கடையில் விற்பனையாளர். மனைவிக்குத் தைரியம் சொல்வதற்காகவே லீவு போட்டிருந்தார்.

"என்னை மெஷின்னு சொல்லிட்டாருங்க."

அவர் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டார்.

சிரிப்பதற்கும் காரணம் இருந்தது. பல வருஷமாக அவள் தொழிலே அதுதான். வங்கிக்குப் போன் செய்தால் 'ஒன்றை அழுத்தவும்' என்பது அவள். லிஃப்டில் 'கதவுகள் மூடப்படுகின்றன' என்பது அவள். குடியிருப்பில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'ஒண்ணு அழுத்து அக்கா'தான். அந்தப் பிழைப்பில்தான் போன மாதம் மண் விழுந்தது. "உங்க குரலைக் கம்ப்யூட்டர் கத்துக்கிச்சும்மா, இனிமே நீங்க வர வேணாம்" என்று ஸ்டூடியோக்காரர் சொல்லிவிட்டார்.

அழுது முடித்ததும் அவளுக்கு ரோஷம் வந்தது. குரல் விற்கும் கம்பெனியைத் தானே நடத்தினால் என்ன? நடத்துவதென்றால் படிக்க வேண்டும். படிப்பதென்றால் இருப்பதிலேயே பெரிய மேலாண்மைக் கல்லூரியில்தான் படிப்பது என்று முடிவு செய்தாள். இன்ஜினியர்களும் வங்கி அதிகாரிகளும் முட்டி மோதுகிற இடம் அது. அவளுடைய விண்ணப்பக் கட்டுரை இப்படித் தொடங்கியது: 'லட்சக்கணக்கானவர்களைக் காத்திருக்க வைத்த அனுபவம் எனக்கு உண்டு.' யாருக்கோ அது பிடித்துப்போய், போன் நேர்காணல் வரைக்கும் வந்துவிட்டாள். மூன்று முறை கூப்பிடுவார்களாம். மூன்றிலும் பேச்சு நடக்காவிட்டால் அவ்வளவுதான். அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும்.

இப்போது அதில் ஒன்று போயிற்று.

"அடுத்த தடவை மனுஷி மாதிரிப் பேசு," என்றார் கணவர்.

"இவ்வளவு நாளா உங்ககிட்ட எப்படிப் பேசிக்கிட்டிருந்தேன்?"

"அது... எனக்குப் பழகிடுச்சு."

அவள் பதில் சொல்வதற்குள் போன் மறுபடி அடித்தது. முதலில் ஒரு கனைப்பு கேட்டது. போன தடவை கேட்ட அதே கனத்த கனைப்பு.

"சார், வச்சிடாதீங்க! நான் மெஷின் இல்ல சார், மனுஷி. அடுப்புல பால் பொங்குது, சத்தம் கேக்குதா பாருங்க!"

"எல்லா மெஷினும் இப்ப இப்படித்தான் சொல்லுது," என்றது அந்தக் குரல். தொடர்ந்து 'பீப்' என்று ஒரு சத்தம். நிஜமான ஆள் யாராவது லைனில் வருவார்களா என்று பேராசிரியர் ஒன்பதை அழுத்தியிருந்தார்.

பீப் கேட்டதும் அவள் வாய் தன் வேலையைப் பார்த்துவிட்டது.

"மன்னிக்கவும். தாங்கள் அழுத்திய எண் தவறானது."

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கணவர் போனைப் பிடுங்கினார்.

"சார், நான் அவங்க வீட்டுக்காரர். பக்கத்துலதான் இருக்காங்க. இதோ கொடுக்கிறேன்."

"வணக்கம் சார்," என்றாள் அவள், முடிந்த அளவு குழைவாக.

கனைப்பு. "ஒரு மெஷின் இன்னொரு மெஷினுக்கு மாத்தி விடுதா? ரொம்ப நல்லா இருக்கு." லைன் போய்விட்டது.

"என்னையுமா சொன்னார்?" என்றார் கணவர். இந்த முறை அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

இதையெல்லாம் கூடத்து சோபாவிலிருந்து மாமியார் கவனித்துக்கொண்டிருந்தார். அவள் நேரே அவரிடம் போனாள்.

"அத்தை, எனக்கு உடனே தொண்டை கட்டணும். ஏதாவது வைத்தியம் சொல்லுங்க."

"கட்டினதைச் சரி பண்ணத்தான் எனக்குத் தெரியும். கட்ட வைக்கணும்னா ஒரே வழிதான் இருக்கு." மாமியார் டிவியை அணைத்தார். "வா, சண்டை போடலாம்."

"எதைப் பத்தி அத்தை?"

"நீயே ஆரம்பி. உனக்கா தெரியாது?"

ஃபிரிட்ஜில் பாத்திரத்தை மூடாமல் வைத்தது யார் என்று விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் கல்யாணத்தன்று யார் யாரைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்பது வரை போய்விட்டது. "சும்மா நடிப்புதானே?" என்று கணவர் நடுவில் வந்து கேட்டார். இரண்டு பேரும் சேர்ந்து அவர்மேல் பாய்ந்தார்கள். அவர் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சண்டை ஓய்ந்தபோது அவளுக்குக் குரலே இல்லை. வெறும் காற்றுத்தான் வந்தது.

"மனசு லேசா இருக்குடி," என்றார் மாமியார். "நாளைக்கும் போடலாம்."

மூன்றாவது அழைப்பு வந்தது.

"வணக்கம் சார்," என்று கரகரத்தாள்.

கனைப்பு. "நீங்க என்ன தொழில் பண்றீங்க?"

கேள்வி! முதல் கேள்வி! அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "குரல் கொடுக்கிறது சார். உங்க காலேஜுக்குப் போன் பண்ணினா பேசுறதே நான்தான் சார்!"

மறுபடி அதே கனைப்பு.

"அந்தக் குரல் எனக்கு நல்லாத் தெரியும். நாள் முழுக்க அதுகூடத்தான் இருக்கேன். நீங்க அது இல்ல."

"தொண்டை கட்டிக்கிச்சு சார்! எங்க அத்தைகூடச் சண்டை போட்டு..."

"அப்படின்னா பழுதான மெஷின்," என்றது குரல். லைன் போய்விட்டது.

அவள் உடனே கல்லூரிக்குப் போன் போட்டாள். எடுத்தது அவளேதான். தேன் வழியும் குரலில், அவசரமே இல்லாமல், 'எங்கள் அலுவலர்கள் அனைவரும் வேறு அழைப்பில் உள்ளனர். தயவுசெய்து காத்திருக்கவும்' என்றாள். பிறகு இசை. பிறகு மறுபடி அவள்.

"காத்திரு, யாராவது எடுப்பாங்க," என்றார் கணவர்.

"எடுக்க மாட்டாங்க. இவங்களுக்கு நான் பதிவு பண்ணினதே இந்த ரெண்டு வரிதான். மூணாவது வரியே கிடையாது."

தன்னால் காத்திருந்தவர்கள் எல்லாரும் எப்படித் துடித்திருப்பார்கள் என்று இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. கூடவே இன்னொன்றும் குடைந்தது. அந்தக் கனைப்பு. ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு, ஒரே இறக்கம். குரலை வைத்துப் பிழைத்தவளாலேயே அப்படி இரண்டு முறை ஒரே மாதிரிக் கனைக்க முடியாது. யார் இந்த மனுஷன்? இடம் கிடைக்காவிட்டால் போகிறது, அந்த ஆளை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கல்லூரி வாசலில் காவலாளி நாற்காலியை விட்டு எழுந்தார். உள்ளே நீளமான தாழ்வாரம், வரிசையாகக் கண்ணாடிக் கதவுகள், ஒரு ஈ காக்கை இல்லை.

"போன்ல நேர்காணல் பண்ற பேராசிரியரைப் பார்க்கணும்," என்றாள் கரகரத்த குரலில். "நான் மெஷின் இல்லன்னு அவர்கிட்ட நேர்ல சொல்லணும்."

காவலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"விண்ணப்பம் போட்டவங்களா? சீக்கிரம் உள்ளே போங்கம்மா! ஒரு ஆளாவது வர மாட்டாங்களான்னு டைரக்டரம்மா காலையிலேர்ந்து வாசலையே பார்த்துக்கிட்டிருக்காங்க."

"ஏன், மத்தவங்கள்லாம் எங்கே? அந்தப் பேராசிரியர் யாரையும் எடுக்கலையா?"

"எந்தப் பேராசிரியரும்மா? இந்த வருஷம் போன்ல கேள்வி கேக்க ஒரு மெஷின் வாங்கிப் போட்டாங்க, அது இதுவரைக்கும் ஒருத்தரைக்கூட மனுஷன்னு ஒத்துக்கல!"