புலியைப் பற்றி ஒரு பக்கத்துக்கு மிகாமல்

ஒரு காட்டில், அதுவும் பெற்றோருக்கென்று வாட்ஸ்அப் குழு இருக்கிற காட்டில், வனஜா என்றொரு முயல் இருந்தாள். அவள் மகள் ஷைனி நான்காம் வகுப்பு. ஆண்டு விழா மேடையில் கட்டுரை வாசிக்க அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தலைப்பு புலி. சிறப்பு விருந்தினரும் புலி. இரண்டையும் சேர்த்து யோசிக்க அந்தப் பள்ளியில் ஒருவருக்கும் நேரமில்லை.

மயில் மிஸ் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். முன்னுரையைக் கேட்டதும் தூங்குகிறவரும் நிமிர்ந்து உட்கார வேண்டும். பொருளுரையில் உண்மை மட்டும். முடிவுரை, வீட்டுக்குப் போன பிறகும் மனதில் நிற்க வேண்டும்.

ஷைனி பொருளுரையை முதலில் எழுதி முடித்தாள். கேரட் நறுக்கிக்கொண்டிருந்த வனஜா வாங்கிப் படித்தாள். 'புலி நேருக்கு நேர் வராது. பின்னாலிருந்துதான் வரும். கொஞ்ச தூரம் ஓடினாலே அதற்கு மூச்சு வாங்கும். எங்கள் பெரியப்பாவை அப்படித்தான் பிடித்தது.'

"இதை அந்த ஆள் முன்னாடியா வாசிக்கப்போறே? எல்லாத்தையும் அடிச்சிடு."

"மாட்டேம்மா. மிஸ் உண்மைய எழுதச் சொன்னாங்க. பெரியப்பா உண்மைதானே?"

பிடிவாதம் அப்படியே அப்பா வீட்டுப் பக்கம். அப்பாவோ செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, மிஸ்ஸுக்குத் தெரியாததா என்று கேட்டுத் தன் கடமையை முடித்துக்கொண்டார். மிஸ்ஸிடமே போய் வனஜா மன்றாடியதற்கு, பொருளுரையில் கை வைத்தால் மதிப்பெண் குறையும் என்று பதில் வந்தது. பிள்ளை உயிர் போனால் எத்தனை மதிப்பெண் குறையும் என்று கேட்க நாக்கு துடித்தது. அடுத்த வருஷமும் அதே மிஸ்தான் என்பதால் அடக்கிக்கொண்டாள்.

நடுவைத் தொட முடியாவிட்டால் என்ன, முன்னாலும் பின்னாலும் இடம் இருக்கிறதே. 'புலி ஒரு விலங்கு' என்று மகள் எழுதியிருந்த முன்னுரையைக் கிழித்துப் போட்டுவிட்டு, அதையும் முடிவுரையையும் எழுதத் தானே உட்கார்ந்தாள்.

விழா அன்று சால்வையும் சந்தன மாலையுமாகப் புலியார் முன்வரிசையில் அமர்ந்தார். ஷைனி ஆரம்பித்தாள். "அவையோரே, சூரியன் தினமும் யாரிடம் அனுமதி கேட்டு உதிக்கிறது என்று என்றாவது யோசித்ததுண்டா?"

புலியார் நிமிர்ந்தார். மீசையை நீவினார். அது தன்னைப் பற்றித்தான் என்று உறுதியானதும், எல்லாச் சிறப்பு விருந்தினர்களையும் போலக் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு வாங்கும் வரி போயிற்று. பெரியப்பா வரியும் போயிற்று. புலியாரின் காது அசையவில்லை. மற்ற அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். வனஜா மட்டும் அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருடைய கோடுகள் நமக்கு இல்லாவிட்டால் என்ன? அவருடைய நிழல் இருக்கிறதே!" என்று முடிவுரை முடிந்து கைதட்டல் எழுந்தது. புலியார் விழித்தார்.

"பிரமாதம்," என்றார். "அதிலும் அந்த நடுப்பகுதி."

வனஜாவுக்குப் போன உயிர் வந்தது. அதோடு விட்டிருக்கலாம். மயில் மிஸ் மைக்கை வாங்கினார்.

"நடுப்பகுதியில எதுங்க ஐயா உங்களுக்கு ரொம்பப் பிடிச்சிது? பசங்களுக்குச் சொன்னா உபயோகமா இருக்கும்."

காடே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது. புலியார் தொண்டையைச் செருமினார், மாலையைச் சரிசெய்தார், பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்.

பிறகு மேடைக்குப் பின்புறம் மிஸ்ஸிடம் பேசினார். நேருக்கு நேர் வரவில்லை. கட்டுரையில் இருந்தபடியேதான் வந்தார்.

சொந்தக் காரணங்களுக்காக மிஸ் விலகிவிட்டதாகக் குழுவில் செய்தி வந்தது. வனஜாதான் முதலில் கும்பிடு போட்டாள்.

நீதி: நடுவில் எவ்வளவு உண்மை வேண்டுமானாலும் எழுதலாம். எழுதியவர் பிழைத்துக்கொள்வார், 'படித்தீர்களா?' என்று கேட்டவர்தான் போவார்.