ரயில் ஓட்டப் போன ஞாயிறு

இந்த ஞாயிற்றுக்கிழமை என்ன ஆனாலும் மச்சான் வீட்டுக்குப் போவதில்லை என்று வியாழக்கிழமையே முடிவெடுத்துவிட்டேன். மச்சான் கோலார் தங்கவயலில் புது வீட்டுக்குக் குடிபோகிறார். காலையில் ஜெபம். பிறகு கட்டில், பீரோ எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்ற வேண்டும். வாரம் முழுக்க ஆபீஸில் மாடாய் உழைத்துக் களைத்தவன் நான். எனக்கு வேண்டியது ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், கொஞ்சம் நிம்மதி.

அதனால் சனிக்கிழமை சாயங்காலமே முதுகைப் பிடித்துக்கொண்டேன். என் மனைவி பிரிஜெட் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சரி, படுங்க. நான் மட்டும் போய்ட்டு வரேன்."

இவ்வளவு சுலபமாக விட்டபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

காலையில் அவள் தங்கவயலுக்குப் போகும் மாரிகுப்பம் ரயிலுக்குக் கிளம்பியதும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். என் பிறந்தநாளுக்கு அவளே வாங்கித் தந்த ரயில் ஓட்டும் கேம். திருட்டுச் சரக்கு வீட்டுக்குள் வரக்கூடாது என்று தன் போன் நம்பரில் கணக்குத் திறந்து, முறைப்படி காசு கட்டி வாங்கினாள். நிஜ ரயிலில் போகாமல் பொய் ரயில் ஓட்டத்தான் எனக்கு இத்தனை பாடு.

திரை கேட்டது: இது புதிய கம்ப்யூட்டராகத் தெரிகிறது. நீங்கள்தானா?

போன வாரம் ஹார்ட் டிஸ்க்கை மாற்றியிருந்தேன். அதிலிருந்து கேமுக்கு என் மேல் சந்தேகம். பதிவான போனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறதாம். அதில் 'ஆம்' என்று அழுத்த வேண்டுமாம். அந்த போன் ரயிலில் போய்க்கொண்டிருந்தது.

கீழ் வீட்டில் முனிராஜும் இதே கேம்தான் ஆடுகிறான். ஹாரன் சத்தம் மாடி வரை கேட்கும். இறங்கிப் போனேன்.

"உன்கிட்ட இதெல்லாம் கேக்கலையாப்பா?"

"என்கிட்ட எதுக்கு சார் கேக்கும்? நான் காசே கட்டலியே. பூட்டெல்லாம் எவனோ உடைச்சித்தான் போட்டிருக்கான். காசு கட்டினவங்களத்தான் சந்தேகப்படுவாங்க. ஹோக்லி, போகட்டும் விடுங்க. இந்த கேமையே உங்களுக்கும் ஒரு காப்பி எடுத்துத் தரட்டா?"

"பிரிஜெட்டுக்குத் தெரிஞ்சா?"

"அய்யோ, மேடமா? வேணாம் சார்."

படியேறி வருவதற்குள் போன் அடித்தது. பிரிஜெட்தான்.

"என்னங்க, முதுகு எப்படி இருக்கு?"

"அசையவே முடியல."

"படுத்தேதான இருக்கீங்க?"

"படுத்தேதான்."

"அப்ப யாரோ நம்ம கேமுக்குள்ள பூந்துட்டாங்க. நீங்கதானான்னு எனக்கு மெசேஜ் வந்திருக்கு. நீங்களா?"

'நான்தான்' என்றால் அடுத்த ரயிலில் நான் தங்கவயலுக்கு. 'நானில்லை' என்றால் கேம் போச்சு.

"சொல்லுங்க. ஆமாவா, இல்லையா?"

"நா... நான் இல்ல."

"அப்ப திருடன்தான். 'இல்லை'ன்னு அழுத்திட்டேன். நீங்க நிம்மதியாப் படுங்க."

கணக்கு ஒரு மாதத்துக்கு முடக்கப்பட்டது. உண்மையான வாடிக்கையாளரைத் திருடர்களிடமிருந்து பாதுகாக்கவே இந்த ஏற்பாடு என்று திரையில் எழுதியிருந்தது. கடைசியில் நன்றி கூடச் சொல்லியிருந்தார்கள். கீழே முனிராஜின் ரயில் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பியது. நான் நிஜமாகவே போய்ப் படுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பிரிஜெட் வந்தாள். கையில் தைலம். என்னைக் குப்புறப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். வலிக்காத முதுகு எரிந்தது.

"சாமானெல்லாம் ஏத்தியாச்சா?" என்றேன் தலையணைக்குள்ளிருந்து.

"எங்க? இன்னிக்கு ஜெபமும் பிரியாணியும்தான். உங்களுக்கு முதுகு வலின்னதும் அண்ணன் பதறிட்டாரு. மாப்பிள்ளை இல்லாம பீரோவைத் தொடவேணாம்னு அடுத்த ஞாயித்துக்கிழமைக்குத் தள்ளி வச்சிட்டாரு."

தைலத்தை இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள்.

"உங்களுக்கும்தான் இனி ஒரு மாசத்துக்கு ஞாயித்துக்கிழமையில வேற வேலை இல்லையே."