மச்சினிச்சி கல்யாணக் கேக்கும் இரண்டு வெப்பமானிகளும்

பயந்தவன் கையில் ஒரு கருவி கிடைத்தால் பயம் கூடும். இரண்டு கிடைத்தால் தூக்கமே போய்விடும். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு செங்கல்பட்டில் பேக்கரி நடத்தும் எனக்கு இது தாமதமாகத்தான் புரிந்தது.

சம்சாரத்தின் தங்கைக்குத் தை மாதம் கல்யாணம். சர்ச்சில் முடித்துவிட்டு மாமல்லபுரத்தில் கடலோரத் தோப்பில் விருந்து. மூன்றடுக்கு கிரீம் கேக் என் பொறுப்பு. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் கிரீம் உருகி வழிந்தால் மாமனார் முகத்தில் எப்படி முழிப்பேன்? (கனவில் கேக்கோடு சேர்ந்து நானும் உருகினேன்.)

அதனால் கடை மாடியில் வெப்பமானி வைத்தேன். நேர் வெயில் பட்டால் தப்பாகக் காட்டுமாம், மறைப்புக் கூண்டு வேண்டுமாம். ஒரு கூண்டை ஆன்லைனில் வாங்கினேன். அதை நம்பாமல், வெள்ளைப் பூந்தொட்டித் தட்டுகளை இடைவெளி விட்டு அடுக்கி இன்னொன்று நானே செய்தேன். கூண்டுக்கொரு வெப்பமானி. வாங்கிய கூண்டு காலையில் இருபத்து நான்கு டிகிரி என்றது. என் கூண்டு முப்பத்தாறு. தினமும் இதே கதை. எது கெட்ட செய்தி சொல்கிறதோ அதைத்தான் நம்புவேன், பிறவிக் குணம்.

"காலைலயே முப்பத்தாறுன்னா மதியானம் இன்னா ஆவும்?" என்றேன்.

"அப்ப நமக்கு ஏன்யா வேர்க்கல?" என்றாள் சம்சாரம். ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

கேக்கை முந்தின நாளே டீப் ஃப்ரீசரில் தள்ளினேன். மறுநாள் சுற்றிலும் ஐஸ் அடுக்கி வண்டியில் ஏற்றினேன். தோப்பில் இறங்கினால் கடல்காற்று சிலுசிலு என்கிறது. எனக்கு மட்டும் வேர்த்தது.

பெண்ணும் மாப்பிள்ளையும் கத்தியை அழுத்தினார்கள். இறங்கவில்லை. மறுபடி அழுத்தினார்கள். கத்தி வளைந்தது.

"சிரிச்சிகினே வெட்டுங்க" என்றார் போட்டோ எடுப்பவர்.

மாப்பிள்ளையின் தாய்மாமா என் பக்கம் திரும்பினார். "இன்னா அண்ணாத்த, உள்ள ஜல்லி கொட்டி வச்சிகீறியா?" கேட்ட கையோடு இளநீர்க் கடைக் கத்தியை வாங்கி வந்து ஒரு போடு போட்டார். மேலடுக்கு முழுசாகக் கழன்று, முன்வரிசையில் இருந்த என் மாமனார் மடியில் போய் உட்கார்ந்தது. வேட்டியில் ஒரு பொட்டு கிரீம் ஒட்டவில்லை. (அந்த மட்டில் நான் ஜெயித்தேன்.)

மறுநாள் காலை சம்சாரம் மாடிக்கு ஏறினாள். "தட்டு சந்துல பூந்து வெயிலு நேரா வெப்பமானி மேல அடிச்சிகினு கீது பாரு. உச்சி வெயிலா இது, தலைக்கு மேல நிக்க? காலை வெயிலு சாஞ்சிதான் வரும்."

என் மச்சினிச்சி வீட்டுக் கூடத்தில் அந்தப் போட்டோ மாட்டியிருக்கிறது. இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு கேக்கோடு மல்லுக்கட்டுகிறார்கள். வருஷா வருஷம் கல்யாண நாளுக்கு எனக்குத்தான் ஆர்டர். போன் எடுத்ததும் சொல்வாள்:

"மாமா, கேக்கு இன்னிக்கே அனுப்பிடு. நாங்க நாளன்னிக்குத்தான் வெட்டறோம், அதுக்குள்ள எளகிடும்."