ஒரு வாய் மல்லித் தண்ணி

எனக்குக் கோபம் வரும். இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் அதை வரவழைத்தவர்கள்தான்.

ஆனால் இருபத்தைந்து வயதில் அதை நானே நோய் என்று நம்பினேன். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், சிவந்த கண், போதாக்குறைக்கு முன்வகிட்டில் ஒரு கொத்துப் பித்தநரை. சங்கரன்கோவிலில் ஆயுர்வேதம் பார்க்கும் டாக்டரம்மா நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "பித்தம் கூடிப்போச்சு" என்றார். புளி, உறைப்பு, உப்பைக் குறைக்க வேண்டும். நெய் சேர்க்க வேண்டும். கொத்தமல்லி விதை ஊறவைத்த தண்ணீர் குடிக்க வேண்டும். "கோவம் வந்தா அந்தத் தண்ணிய ஒரு வாய் வச்சுக்கோங்க. எறங்குன பொறவு முழுங்குங்க."

(அந்த ஒரு வாரத்தில் நான் முழுங்கிய தண்ணீரில் ஒரு வயலையே நட்டிருக்கலாம்.)

வாரக் கடைசியில் திருவேங்கடத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்பா இல்லாத வீடு. இந்த இடமாவது அமைய வேண்டும் என்று அம்மா வேண்டாத சாமி இல்லை.

"நரைக்கு மை பூசுட்டி" என்றாள். மாட்டேன் என்றேன்.

"அப்போ வாயவாது மூடிக்கிட்டு இரி."

அதற்குச் சம்மதித்தேன். எனக்குத்தான் வழி தெரியுமே! காபித் தட்டை எடுக்கும் முன் மல்லித் தண்ணீரை வாய் நிறைய ஊற்றிக்கொண்டேன்.

மாப்பிள்ளை நல்லபடியாகத்தான் சிரித்தார். பக்கத்தில் அவருடைய தாய்மாமா, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில்.

"பேரு என்னம்மா?" என்றார் மாமா.

தலையாட்டினேன். (பேரைக் கேட்டால் தலையாட்டும் பெண்ணை நீங்களே கட்டுவீர்களா?)

"வெக்கப்படுதா" என்றாள் அம்மா.

"வெக்கமா, பேச வராதா? கன்னம் வேற வீங்கியிருக்கு." எழுந்து வந்து என் வகிட்டைக் குனிந்து பார்த்தார். "நரைச்சுப் போயிருக்கே! இருபத்தஞ்சுன்னீக, முப்பத்தஞ்சு இருக்கும் போலயே. வயசக் கொறச்சுச் சொல்லி எங்க தலையில கட்டப் பாக்கீகளோ?"

அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. நான் முழுங்கத்தான் நினைத்தேன், சத்தியமாக.

"எங்கம்மா பொய் சொல்ல மாட்டா!"

சொல் பின்னால் வந்தது. தண்ணீர் முன்னால் போய்விட்டது. மாமாவின் மீசை, சட்டை எங்கும் மல்லி வாசம். வாய் காலியானதும் மிச்சமும் வந்தது. "இது பித்தநரை. ஒங்களுக்கும் பித்தம்தான். கண்ணு செவந்திருக்கு, முடி கொட்டியிருக்கு, கோவம் மூக்கு மேல நிக்கி. மல்லித் தண்ணி ஒங்களுக்கும் நல்லது!"

வந்தவர்கள் கேசரியைத் தொடாமலே போனார்கள். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மாப்பிள்ளை போன் செய்தார்.

"அந்தத் தண்ணியில வேற என்ன போட்டீக? எங்க மாமா அன்னைலேருந்து சத்தமே போடல."

கல்யாணம் நடந்தது. நரையோடுதான் மணவறையில் உட்கார்ந்தேன். துப்பியதற்கு மாமாவிடம் மன்னிப்புக் கேட்டேன். சொன்னதற்கு இன்றுவரை கேட்கவில்லை.

விசேஷ வீடுகளில் நுழையும்போதே மாமா, "அவ கையில டம்ளர் இருக்கா?" என்பார். வீடே சிரிக்கும். போன மாதம் கொழுந்தனுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம்.

"பொண்ணுக்கு வயசு..." என்று மாமா ஆரம்பித்தார்.

நான் டம்ளரை எடுத்து ஒரு வாய் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கன்னம் உப்ப அவரைப் பார்த்தேன்.

மீதியை மாமா முழுங்கிவிட்டார்.