வேப்ப நிழலுக்குள்ளேயே ஒரு விலகல்

கோன்னி

அளவற்ற அருளாளனின் பெயரால் தொடங்குகிறேன்.

எல்லைக்கு அந்தப் பக்கம் இல்லேலா கடைத்தெருவில் கைப்பேசிக் கடை வைத்துக்கொண்டு, விற்கிற கைப்பேசிகளையெல்லாம் சேர்த்தாலும் அவற்றைவிட அதிகமாகப் பேசிக்கொண்டிருக்கும் என் கொழுந்தனார் லவ்வாலிக்கு, உன் அண்ணன் ஸமைலாவை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இத்தாவில் உட்கார்ந்திருக்கும் மதினி தலாத்து சலாம் சொல்லி எழுதுவது. நீ நலமா, உன் மனைவி ஹௌவா நலமா, பிள்ளைகள் நலமா, குளிர் எப்படி, அலுப்பு எப்படி, வியாபாரம் எப்படி. எல்லாம் நலம் என்று நீ சொன்னதாக வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

கைப்பேசியில் குரல் அனுப்பாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போன முறை நான் அனுப்பிய குரலை நீ கடையில் பெரிய சத்தமாக வைத்துப் போட்டாயாம், ஹௌவாவே சொன்னாள். நான் அழுதது சார்ஜர் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கிறது. அதனால்தான் பெண்களின் மாலை வகுப்பில் கற்ற எழுத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கோணலாக இருந்தால் தலையைச் சாய்த்துப் படி. இதை உன்னிடம் கொண்டுவர வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர் வாசலில் காத்திருக்கிறார்.

நம் வீட்டுச் சுவரோரம் வேப்பமர நிழலில் உன் அண்ணனின் தேநீர்க் கூட்டம் உட்காருவது உனக்குத் தெரியாததா. கெண்டியும் கண்ணாடிக் கோப்பைகளும் கரி அடுப்பும் நம் வீட்டுச் சொத்து, சர்க்கரை மட்டும் ஆளுக்கு ஒருநாள் என்று பேச்சு, ஆனால் வாங்கி வருவது எப்போதும் உன் அண்ணன்தான். அவர் போய் ஏழாம் நாள் ஓதல் முடிந்ததும் அவர்கள் மறுபடி வந்து உட்கார்ந்தார்கள், நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். உள்ளே வெள்ளைத் துணியில் முடங்கிக் கிடக்கிறவளுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் நாலு ஆண்குரல் கேட்டால் வீடு வீடாக இருக்கிறது. கெண்டியைத் தூக்கிப் பிடித்து ஊற்றுகிற சத்தம் கேட்கும்போது, அடுத்து அவர் இருமுவார் என்று ஒரு நொடி காது நிமிரும். அப்புறம் இருமமாட்டார். அது என் பாடு, அதை விடு. இந்த நாடு உங்கள் நாடும் மற்ற அண்டை நாடுகளும் இருக்கிற கூட்டமைப்பை விட்டு விலகினது இருக்கிறதே, அதைக் கேள்.

முன்பும் அதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். சயாபு வாத்தியார் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றாலும் பாடம் நடத்துவதிலிருந்து ஓய்வு பெறாதவர், அவர் விலகியே ஆகவேண்டும் என்பார். லாரிக்காரர் தன்லாதி, நம் வெங்காயத்தை இத்தனை வருஷமாக ஏற்றிப்போனவர், விலகினால் நாசம் என்பார். உன் அண்ணன் நடுவில் உட்கார்ந்து கோப்பையை நிரப்பிக்கொண்டே இருப்பார், வாயில் தேநீர் இருக்கும்போது யாராலும் கத்த முடியாதல்லவா. அவர் போனார், நடுவிடம் காலியானது. நாடு விலகியாகிவிட்டது என்று வானொலி சொன்ன அன்று மத்தியானம் சயாபு வாத்தியார் எழுந்து நின்று ஒரு காகிதத்தைப் பிரித்து வாசித்தார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் பச்சைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், ஒரு சொல் விடாமல் கேட்டது.

"நானும் என்னோடு கருத்து ஒத்தவங்களும் இந்தத் தேநீர்க் கூட்டத்தை விட்டு இன்னைக்கே, இப்பவே, தாமதம் இல்லாம விலகுறோம்."

தன்லாதி, "அப்படியெல்லாம் போக முடியாது வாத்தியாரே. கூட்டத்துல சேர்றப்ப என்ன பேசினோம்? விலகுறவன் முன்கூட்டியே சொல்லிட்டு, ஒரு ரமலான்ல இருந்து மறு ரமலான் வரைக்கும் இருந்துதான் போகணும்" என்றார்.

"யார் வாயையும் பார்த்து நாங்க எந்திரிக்க வேண்டியதில்ல. இது இறையாண்மை."

"எதுக்கய்யா இறையாண்மை, பாய்க்கா?"

ஆமாம், பாய்க்குத்தான். பாயைச் சுருட்டிக்கொண்டு விலகினார்கள். எங்கே போனார்கள் என்று நினைக்கிறாய், சந்தைக்கா, பள்ளிவாசலுக்கா. இந்தத் தெருவில் நிழல் இருப்பது இந்த ஒரு மரத்தடியில்தான். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் பாயை விரித்து, முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெயில் நகர நகர நிழலும் நகரும், நிழலோடு இரண்டு பாயும் நகரும், சாயங்காலம் அசர் தொழுகைக்குள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். ஏறினதும் எல்லை மீறல் என்று சண்டை. தினமும் இதே கூத்து, தினமும் அசருக்கு முன்னாலேயே.

இதில் கெண்டி ஒன்றுதான். சயாபு வாத்தியார் நடைக்குள் வந்து நின்று இருமுவார். நான் கதவுக்குப் பின்னால் இருப்பேன். "மதினி, ஸமைலா என் உயிர் நண்பன். கெண்டி எங்க பக்கம் இருக்கறதுதான் அவன் ஆத்மாவுக்கு நிம்மதி" என்பார். அவர் போனதும் தன்லாதி வருவார், அவர் இருமமாட்டார், லாரி ஓட்டுகிறவர் இல்லையா, நேரே சத்தம்தான். "மதினி, விலகினவனுக்குச் சொத்துல பங்கு கிடையாது. கோப்பை கூடக் கிடையாது." நான் ஒருநாள் கெண்டியை இவருக்கும் கரி அடுப்பை அவருக்கும் கொடுத்துவிட்டேன். ஒருவரிடம் சூடு, ஒருவரிடம் பாத்திரம், இரண்டு பக்கமும் தேநீர் இல்லாமல் பொழுது சாய்ந்து மக்ரிபு தொழுகை வரைக்கும் வெறும் வாயால் நாட்டை ஆண்டார்கள். மறுநாள் இரண்டு பேரும் ஆளுக்கொரு புது அடுப்பு, புதுக் கெண்டி வாங்கிக்கொண்டார்கள். வாத்தியாரின் கெண்டி எந்த நாட்டுச் சரக்கு என்று தன்லாதி கேட்டார் பார், அதற்கு ஒரு சண்டை. உங்கள் இல்லேலா சந்தையில் வாங்கினதுதான், வேறெங்கே.

சுவரில் கூட்டத்தின் பெயர் எழுதியிருக்கும், உன் அண்ணன் சொல்லி எழுதினது. வாத்தியார் பக்கம் அதன் மேல் வெள்ளையடித்து, பச்சை வண்ணத்தில் புதுப் பெயர் எழுதினார்கள். அந்த ஈரம் காயுமுன் நாற்பதாம் நாள் ஓதலுக்காக நான் கட்டி வைத்திருந்த செம்மறி கயிற்றை அறுத்துக்கொண்டு வெளியே போய் அந்தச் சுவரிலேயே உடம்பைத் தேய்த்துவிட்டது. ஒரு பக்கம் முழுக்கப் பச்சை. எழுத்தும் போச்சு, ஆடும் போச்சு. இப்போது தன்லாதி, "கட்சி நிறம் பூசின ஆட்டுக்கறியை நாங்க தொடமாட்டோம்" என்கிறார். வாத்தியார், "ஆடு தானா வந்து எங்க பக்கம் சேர்ந்துச்சு, யாரும் கூப்பிடல" என்கிறார். நான் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன், ஆடு நாறுகிறதே தவிர நிறம் போகவில்லை.

இதெல்லாம் போதாது என்று உன் குரல் வந்தது. உன் அண்ணனின் கைப்பேசியை எனக்கு இயக்கத் தெரியாது, அனுப்புவதும் கேட்பதும் வாத்தியாரிடம் கொடுத்துத்தான். அவர் பாயில் உட்கார்ந்தபடியே அழுத்தினார். நீ ஊருக்கே கேட்கிற மாதிரி, "என்ன மதினி, உங்க நாடு எங்களை விட்டுட்டு ஓடிப்போச்சாமே. அண்ணன் பேர்ல போடுற சோத்துக்கு வர்றதுக்கு இனிமே விசா எடுக்கணுமா, இல்ல சட்டியை எல்லையில கொண்டுவந்து வைக்கிறீங்களா" என்கிறாய். எனக்கு நீ கொழுந்தன், என்னைக் கேலி பேச உனக்கு உரிமை உண்டு, நான் சிரித்தேன், அவர் போன பிறகு முதல் முறையாகச் சிரித்தேன். ஆனால் வாத்தியாருக்கு நீ என்ன முறை? அவர் கொதித்துவிட்டார். "எல்லையை மூடி நம்மைப் பட்டினி போட்டவங்க, மருந்துகூட வரவிடாதவங்க, இப்ப சோத்துல பங்கு கேக்குறாங்க." தன்லாதி விழுந்து விழுந்து சிரித்து, "அந்தப் பையன் சரியாத்தான கேக்கறான். நீங்க வீரமா வெளியே வந்துட்டீங்க, நம்ம வெங்காயத்தை நீங்களே தின்னுவீங்களா" என்றார். அன்றைக்கு ஒரு கோப்பை உடைந்தது. உன் அண்ணனுடைய கோப்பை. யார் கை பட்டது என்று இரண்டு பக்கமும் மற்ற பக்கத்தைக் காட்டுகிறது. சில்லுகளை நானே கதவிடுக்கு வழியாகக் கையை நீட்டிப் பொறுக்கினேன்.

இனி சொல்லப்போவதுதான் உனக்கு எழுதக் காரணம். நாற்பதாம் நாளுக்கு இரண்டு பக்கமும் தனித்தனியாக ஓதப் போகிறார்களாம். வாத்தியார் பக்கம் காலையில், தன்லாதி பக்கம் அசருக்குப் பிறகு. இமாமிடம் ஆள் அனுப்பினேன். அவர், "என்னை யார் முதல்ல கூப்பிட்டாங்களோ அங்க ஓதுவேன், இன்னொண்ணுக்கு என் மச்சான் வருவாரு" என்கிறார். நான் இரண்டு முறை சோறு பொங்க வேண்டும், இரண்டு முறை கம்பு உருண்டையைப் பாலில் கரைக்க வேண்டும், ஒரு பக்கம் ஓதினதை மறுபக்கம் ஓதலாகவே எண்ணாது. லவ்வாலி, அவர் ஒரே ஆள். அவரை நான் பாதி பாதியாக அனுப்பிவைக்க முடியாது. எல்லோரும் ஒன்றாகக் கை ஏந்துவதுதான் இனி அவருக்கு நாம் செய்யக் கூடியது, அதையும் இந்த மனிதர்கள் கூறு போடுகிறார்கள்.

இதில் அவர் யார் பக்கம் என்று வேறு வழக்கு. "விலகறதுதான் ஆம்பளைத்தனம்னு ஸமைலா என் காதுல சொன்னான்" என்று வாத்தியார். "என் லாரியில உக்காந்துக்கிட்டு, தம்பி அந்தப் பக்கம் இருக்கறப்ப எப்படிங்க விலகறதுன்னு கேட்டான்" என்று தன்லாதி. இரண்டும் உண்மையாகத்தான் இருக்கும். அவர் யாருக்கும் எதிர்ப்பேச்சு பேசினதே இல்லை, ஒரே இலையை மூன்று தடவை காய்ச்சுவதில் மூன்றாவது கோப்பைதான் இனிப்பாக இருக்கும், அது கைக்கு வருகிறவரை யார் சொன்னாலும் ஆமாம் என்பார். வீட்டுக்கு வந்து என்னிடம் அவர் பேசினது முழங்கால் வலியைப் பற்றித்தான். கூட்டமைப்பு என்ற சொல்லே நம் வீட்டுக் கூரைக்குள் வந்ததில்லை. ஆனால் ஊருக்கு இப்போது அவர் முழங்கால் தேவையில்லை, கருத்துதான் தேவை.

ஆகையால் நீ வா. நாற்பதுக்கு முந்தின நாளே வா. வாத்தியாருக்கு நீ கொழுந்தன் இல்லைதான், ஆனால் வாத்தியாரின் மனைவி உன் தாய்மாமன் மகள், தன்லாதி உன் அத்தை மகனே. இரண்டு பேரையும் முகத்துக்கு நேரே கழுதை என்று சொல்ல இந்த ஊரில் முறை உள்ளவன் நீ ஒருவன்தான், சொன்னாலும் கோபித்துக்கொள்ள அவர்களுக்கு வழியில்லை. நடுவில் உட்கார், கழுதை என்று சொல், இரண்டு பாயையும் ஒன்றாகத் தைத்துவிடு. விசா எல்லாம் வேண்டாம், வாயை மட்டும் எல்லையில் வைத்துவிட்டு வராதே. எனக்கு இந்தச் சண்டையில் பக்கம் இல்லை, கருத்தும் இல்லை. இத்தாவில் இருக்கிற பொம்பளை நான், வாயே திறக்கவில்லை, திறக்கவும் மாட்டேன்.

அல்லாஹ் உன் அண்ணனுடைய கப்றுக் குழியை விசாலமாக்குவானாக. உன் கடையில் பரக்கத்தைக் கொடுப்பானாக, உன் நாக்கில் கொஞ்சம் குறைப்பானாக. ஹௌவாவுக்கு சலாம், உன் மாமியாருக்கு சலாம், பிள்ளைகளின் நெற்றியில் என் முத்தம். மழை நல்லபடி வரட்டும், எல்லைக்கு இரண்டு பக்கமும்.

உன் மதினி,
தலாத்து

பின்குறிப்பு: மோட்டார் சைக்கிள்காரரை இன்னும் கொஞ்சம் நிற்கச் சொல்லியிருக்கிறேன். நான் காகிதத்தை மடிக்கும்போது இரண்டு பேரும் ஒன்றாக நடைக்குள் வந்து, "மதினி, நீங்களே சொல்லிடுங்க, ஸமைலா யார் பக்கம்" என்றார்கள். எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்தே சொல்லிவிட்டேன்: "சேர்ந்திருந்தப்பவும் லாரி எல்லையில நின்னு வெங்காயம் அழுகிச்சு, விலகின பிறகும் நிக்குது, அழுகுது. ரெண்டு தடவையும் உக்காந்து அழுகினதைப் பொறுக்கினது நானு. என்னை எவனாவது கேட்டீங்களா?" அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். "எம் புருஷன் வாத்தியார் பக்கமும் இல்ல, லாரிக்காரர் பக்கமும் இல்ல. உங்க தேநீர் குடிக்கச் சகிக்காதுன்னு தினமும் வீட்டுக்கு வந்து என்கிட்ட வாய் கொப்புளிக்கத் தண்ணி கேட்டாரு" என்றும் சொல்லிவிட்டேன். அது உண்மைதான், ஆனாலும் நாற்பது வரைக்கும் வைத்திருந்திருக்கலாம்.

கூட்டமைப்பைப் பற்றிச் சொன்னதைக்கூட மன்னிப்பார்களாம், தேநீரைச் சொன்னதை மன்னிக்க மாட்டார்களாம். இப்போது வெளியே ஒரே பாயில் உட்கார்ந்து என்னைத் திட்டுகிறார்கள், ஒரே கெண்டியில் காய்ச்சிக்கொண்டே. வாத்தியார், "இவ பேச்சைக் கேட்டு ஊர் சிரிக்கறதுக்குள்ள நாமளே ஒத்துமையா நின்னு ஸமைலாவுக்கு ஒரே ஓதலா ஓதி முடிச்சிடணும்" என்கிறார், தன்லாதி, "ஆமா வாத்தியாரே" என்கிறார். பச்சை ஆட்டையும் உரித்தால் உள்ளே ஒரே நிறம்தானே என்று பேசிக்கொள்கிறார்கள்.

அதனால் மேலே எழுதினதையெல்லாம் விட்டுவிடு. நீ வா, அண்ணனுக்காகக் கை ஏந்து, சோறு சாப்பிடு. ஆனால் யாரையும் கழுதை என்று சொல்லாதே, சமாதானம் பேசாதே, முக்கியமாக எனக்காகப் பரிந்து பேசாதே. என் மேல் உள்ள கோபம் ஆறினால் மறுபடி பிரிந்துவிடுவார்கள். நாற்பது முடிகிறவரைக்கும் ஆறக்கூடாது. இங்கே நானும் நாளுக்கு ஒரு தடவை கதவுக்குப் பின்னாலிருந்து அவர்கள் தேநீரைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.